மாமாவின் கைக்கடிகாரமும் ஒரு காபிக் கோப்பையும்

2013 ஜூன் முதல் வாரத்தில் ஒரு ராத்திரி. சேலம் கோரிமேட்டில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டில், கம்ப்யூட்டர் முன்னால் தம்பி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில், ஸ்டூலைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டு நான். திரையில், கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரில், ஒரு கல்யாண விருந்து நடந்துகொண்டிருந்தது. எனக்குத் திரையில் வேலையில்லை. அங்கே என்ன நடக்கப்போகிறது என்பது எனக்கு நாலு வருஷமாகத் தெரியும். நான் பார்த்துக்கொண்டிருந்தது தம்பியின் முகத்தை.

யாரோ மண்டபத்துக் கதவைச் சாத்தினார்கள். வாத்தியக்காரர்கள் வேறு பாட்டுக்கு மாறினார்கள். தம்பி முறுக்கைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தான். அடுத்த சில நிமிஷங்களில் ராப் ஸ்டார்க், அவன் மனைவி, வயிற்றில் இருந்த பிள்ளை, அவன் அம்மா கேட்லின், வெளியே அடைத்து வைத்திருந்த ஓநாய், எல்லாரும் முடிந்தார்கள். பின்னணி இசைகூட இல்லாமல் பெயர்கள் ஓடின.

தம்பி மெதுவாகத் திரும்பினான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா பக்கத்துல உக்காந்திருந்த?"

அன்று ராத்திரி அவன் என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை இட்லிக்கும் பேசவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது.

உலகம் முழுக்க அந்த வாரம் இதே அக்கிரமம்தான் நடந்தது. புத்தகம் படித்தவர்கள், படிக்காத நண்பர்களையும் மனைவிமார்களையும் டிவி முன்னால் உட்கார வைத்து, மறைவாகக் கேமராவை வைத்துப் படம் பிடித்து யூடியூபில் போட்டார்கள். அலறுகிறவர்கள், தலையணையைக் கடிக்கிறவர்கள், எழுந்து வெளியே போய்விடுகிறவர்கள். தொடரை எத்தனை பேர் பார்த்தார்களோ, அந்த முகங்களையும் அத்தனை பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். படிக்காமல் பார்க்கிறவர்களுக்கு ஆங்கில ரசிகர்கள் வைத்த பெயர் 'அன்சல்லீட்'. கதையில் வரும் ஓர் அடிமைப் படையின் பெயர். கறைபடாதவர்கள் என்று பொருள். அப்படிப் பார்த்தால் என்மேல் நாலு பாகம் அளவுக்குக் கறை இருந்தது.

(இன்னும் கேம் ஆஃப் த்ரோன்ஸ் பார்க்காதவர்கள் யாராவது இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேலே சொன்னதற்கு மன்னிக்கவும்.)

புத்தகம் என் கைக்கு வந்தது ஒரு தற்செயல். அப்பா ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை, செக்ரோல் எழுதுகிறவர். யார் வேலைக்கு வந்தார், எத்தனை கிலோ பழம் பறித்தார், யாருக்கு அரை நாள் என்ற கணக்கு. எஸ்டேட் பங்களாவில் கோடை சீசனுக்கு விருந்தாளிகள் வந்து தங்குவார்கள். 2008 மே மாதம் அப்படி வந்துபோன யாரோ மேசை டிராயரில் ஒரு தடிப் புத்தகத்தை மறந்துவிட்டுப் போனார்கள். ஒரு மாசம் கழித்தும் யாரும் தேடி வரவில்லை. அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து, "எண்ணூறு பக்கம் இருக்கு பாப்பா, காத்தடிச்சா கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம்" என்றார்.

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய முதல் பாகம் அது, 1996இல் வந்தது. ஜூன் மாத மஞ்சு எஸ்டேட் லைன் வீடுகள்மேல் படுத்துக்கிடக்கும்போது, ஸ்வெட்டரும் கம்பளியுமாக உட்கார்ந்து படித்தேன். ஆங்கிலம் அப்போது எனக்கு அவ்வளவு சரளம் கிடையாது. குதிரைச் சேணத்துக்கும் கவசத்துக்கும் எத்தனையோ வார்த்தைகள் வரும். பாதியைத் தாண்டிப் போவேன். ஆனால் ஆட்களைத் தாண்டிப் போக முடியவில்லை. நெட் ஸ்டார்க்குக்கு எங்கள் எஸ்டேட் மேஸ்திரியின் முகம் வந்துவிட்டது. அவரும் அதிகம் பேச மாட்டார், கையெழுத்துப் போடும் முன் இரண்டு தடவை யோசிப்பார். வின்டர்ஃபெல் கோட்டை நாகலூர் போகிற வழியில் இருந்தது. வடக்கே இருக்கும் பனிச்சுவர் 700 அடி உயரம் என்று மார்ட்டின் எழுதியிருந்ததைப் புரிந்துகொள்ள எனக்குக் கிளியூர் அருவி தேவைப்பட்டது. அது 300 அடி என்பார்கள். அதன்மேல் இன்னொரு அருவியை வைத்து, அதற்கும் மேலே கொஞ்சம். அதுதான் சுவர்.

அடுத்தடுத்த பாகங்களை ஒவ்வொன்றாகத் தேடி வாங்கினேன். 2000இல் வந்த மூன்றாம் பாகத்தில்தான் அந்தக் கல்யாணம். 2009இல் அதைப் படித்து முடித்த அன்று பேச ஆளில்லை. ஏற்காட்டில் யாரிடம் போய்ச் சொல்வது? அப்பா செக்ரோல் எழுதிக்கொண்டிருந்தார், அம்மா மிளகு காயவைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் துக்கத்தை நான் நாலு வருஷம் தனியாக வைத்திருந்து, கடைசியில் தம்பிமேல் இறக்கி வைத்தேன் என்றுதான் என்னை நான் சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.

எச்.பி.ஓ. தொடர் 2011 ஏப்ரல் 17 அன்று தொடங்கியது. அதே வருஷம் ஜூலையில் ஐந்தாம் பாகம் வந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை அடுத்த பாகம் வரவில்லை. இந்த இரண்டு தேதிகளையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அப்போது சேலத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன், தம்பி இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். தொடர் பென்டிரைவில் வரும். எங்கிருந்து வரும் என்று கேட்காதீர்கள், அவன் வகுப்பில் யாருக்கும் தெரியாது. வந்ததும் ராத்திரி சாப்பாட்டுக்கு மேல் பார்ப்போம். நான் சும்மா பார்க்க மாட்டேன். "புக்குல இப்படி இல்லை" என்பேன். டிரியனுக்குப் போரில் மூக்கே போய்விடும், இவர்கள் ஒரு கீறல் போட்டு விட்டுவிட்டார்கள். டெனேரிஸ் கதை தொடங்கும்போது பதிமூன்று வயதுப் பிள்ளை, இங்கே வளர்ந்த பெண். ராப் கட்டிக்கொள்வது ஜெய்ன் வெஸ்டர்லிங் என்ற சின்னப் பிரபு வீட்டுப் பெண்ணை, இது யார் டலீஸா? நடுநடுவே படத்தை நிறுத்தச் சொல்லி விளக்குவேன். மூன்றாவது வாரம் தம்பி சட்டம் போட்டான்: ஒரு தடவை 'புக்குல இப்படி இல்லை' என்றால் ஒரு தட்டுவடை செட் அபராதம். சேலத்துக்காரர்களுக்குத் தட்டுவடை செட் என்றால் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், சட்னி. நின்றுகொண்டே ஆறு செட் உள்ளே போகும். முதல் இரண்டு சீசன் முடிவதற்குள் அவன் எடை கூடிவிட்டது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அபராதத்துக்குப் பயந்து சொல்லாமல் விட்டவற்றில் சில, புத்தகத்தைவிட நன்றாக இருந்தன. மார்ட்டின் ஒவ்வோர் அத்தியாயத்தையும் ஒரே ஒரு பாத்திரத்தின் கண் வழியாகச் சொல்கிறார். அந்த ஆள் இல்லாத அறைக்குள் நாம் போக முடியாது. ராஜா ராபர்ட்டும் ராணி செர்ஸியும் தனியாக இருக்கும்போது என்ன பேசுவார்கள் என்பது முதல் பாகத்தில் தெரியவே தெரியாது, அவர்கள் இருவர் கண்ணும் அங்கே நமக்குக் கிடையாது. தொடரில் ஐந்தாவது பகுதியில் இருவரும் மதுக்கோப்பையோடு உட்கார்ந்து, தங்கள் கல்யாணம் எப்போது செத்துப்போனது என்று அமைதியாகப் பேசிக்கொள்கிறார்கள். பாதியில் சிரிக்கிறார்கள். பதினேழு வருஷம் ஒரே வீட்டில் வெறுப்போடு வாழ்ந்தவர்களுக்குத்தான் அப்படிச் சிரிக்க வரும். தொடரை உருவாக்கிய பெனியாஃபும் வைஸும் அந்தக் காட்சியை எழுதியதன் காரணம்தான் வேடிக்கை. முதல் சீசனில் பல பகுதிகள் நீளம் குறைந்துபோய்விட்டன. நிமிஷத்தை நிரப்ப இரண்டு பேரை ஓர் அறையில் உட்கார வைத்துப் பேசவிடுவதுதான் செலவு குறைந்த வழி. அதே மாதிரி இரண்டாவது சீசனில் ராப்பின் தங்கை ஆர்யாவை, அவள் குடும்பத்தின் எதிரியான டைவினுக்குக் கோப்பை ஏந்தும் சிறுமியாக வைத்தது. புத்தகத்தில் அவள் ஏந்துவது ரூஸ் போல்டனுக்கு. யார் இந்தச் சிறுமி என்று கிழவனுக்குத் தெரியாது, அவன் யார் என்று சிறுமிக்குத் தெரியும். புத்தகத்தில் இல்லாத அந்தக் காட்சிகளுக்காக நானே ஒரு செட் வாங்கித் தந்திருக்கலாம். தரவில்லை.

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அம்மா பிறந்து வளர்ந்தது சேலம் குகை. குகையில் மாரியம்மன், காளியம்மன் கோவில் ஆடித் திருவிழாவில் வண்டி வேடிக்கை நடக்கும். பார்த்திருக்கிறீர்களா? வண்டிகளை ஜோடித்து, அதன்மேல் மனிதர்கள் சாமி வேஷம் கட்டி, புராணத்தில் ஒரு காட்சியாக நிற்பார்கள், உட்கார்வார்கள். ராத்திரி முழுக்க வண்டிகள் ஊர்ந்துபோகும். முன்பு மாட்டு வண்டி, இப்போது டிராக்டரும் லாரியும். ரோட்டின் இரண்டு பக்கமும் குகை ஜனம், பாதிப் பேருக்குக் கதை முழுக்க மனப்பாடம், வாய் சும்மா இருக்காது. "ராவணனுக்கு ஒன்பது தலைதான் இருக்கு, ஒண்ணு எங்கடா?" "போன வருஷ முருகன் இன்னும் லட்சணமா இருந்தான்."

அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, ஒரு வருஷம் கர்ணன் வேஷம் கட்டினார். மார்பில் அம்பு, தேர்ச்சக்கரத்தில் சாய்ந்தபடி, கிழப் பிராமணனாக வந்த கண்ணனுக்குப் புண்ணியத்தைத் தாரை வார்க்கக் கையை நீட்டியிருக்கிறார். நீட்டிய கையில் எச்.எம்.டி. கைக்கடிகாரம். மேக்கப் போட்ட அவசரத்தில் கழற்ற மறந்துவிட்டார். கூட்டத்திலிருந்து ஒரு பையன், "கர்ணா, மணி என்ன?" என்று கத்தினான். மாமா கையைத் திருப்பிப் பார்த்து, "எட்டே கால்" என்று பதில் சொல்லிவிட்டார்.

சாகும்வரை குகையில் அவர் பெயர் வாட்ச் கர்ணன். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் கடைசியில் ஒன்று சேர்ப்பாள்: அடுத்த தெருவில் ஒரு பாட்டி, அதே வண்டிக்கு, அதே கடிகாரத்தோடு, கற்பூரம் காட்டிக் கும்பிட்டாளாம்.

மாமாவை நான் ரொம்ப நாள் சிரிப்புக்குத்தான் நினைத்துக்கொள்வேன். இப்போது அந்தக் கூட்டத்தைத்தான் அதிகம் நினைக்கிறேன். தலையை எண்ணிக் குறை சொல்ல அவர்களால் முடிந்தது, பத்து என்று தெரிந்திருந்ததால்.

2016இல் எனக்கு எண்ணத் தெரியாமல் போயிற்று.

ஐந்தாவது சீசனிலேயே தொடர் ஐந்து பாகங்களையும் பெரும்பாலும் தின்று முடித்துவிட்டது. மார்ட்டின் ஆறாவது பாகத்தை முடிக்கவில்லை. ஆறாவது சீசன் 2016 ஏப்ரலில் தொடங்கியபோது, தம்பிக்கும் எனக்கும் முதல்தடவையாக ஒரே அளவு தெரிந்திருந்தது, அதாவது ஒன்றும் தெரியாது. ஜான் ஸ்னோ செத்துக் கிடக்கிறான், எழுவானா? "நீ சொல்லு, நீதானே படிச்சவ" என்று தம்பி நிஜமாகவே கேட்டான். நான் ஏதோ முகக்குறிப்பு, ஜோசியம், ரசிகர்கள் கட்டிய ஊகங்கள் என்று உளறினேன். அபராதம் கட்ட வாய்ப்பே வரவில்லை.

அந்த மே மாதம் ஐந்தாவது பகுதி. ஹோடர் என்ற பேரைத் தவிர வேறு வார்த்தை பேசத் தெரியாத அந்தப் பெரிய உருவம், ஒரு கதவை முதுகால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பிணங்கள் கதவைக் கிழித்துக்கொண்டு வருகின்றன. 'ஹோல்ட் த டோர்' என்று யாரோ எங்கோ கத்திய கட்டளைதான், தேய்ந்து தேய்ந்து, அவன் சின்னப் பையனாக இருந்த காலத்துக்கே போய், ஹோடர் என்று நின்றிருக்கிறது. அவன் வாழ்நாள் முழுக்கப் பேசிய ஒரே சொல், அவன் சாகப்போகிற விதம். நான் அழுதேன். நாசூக்காக இல்லை, மூக்கைச் சிந்திக்கொண்டு. அப்பா கதவுக்கு முட்டுக் கொடுக்கச் சொன்ன புத்தகத்தில் இவன் முதன்முதலாக வந்தபோது நான் சிரித்திருந்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், தம்பி திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப எப்படி இருக்கு?" என்றான்.

(ஒரு இடைச்செருகல். இந்தச் சிலேடையைத் தமிழில் எப்படிக் கொண்டுவருவது? 'கதவைப் பிடி' எத்தனை தேய்ந்தாலும் ஹோடர் ஆகாது. எத்தனையோ மொழிகளில் டப்பிங்காரர்கள் இதில் மாட்டிக்கொண்டு விழித்தார்கள். ஐந்து சீசனாக ஒரு பெயரை வைத்துக் காப்பாற்றிவிட்டு, திடீரென்று அதற்கு அர்த்தம் உண்டு என்றால் அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்.)

அந்த முடிச்சு மார்ட்டின் தங்களுக்கு முன்கூட்டியே சொன்ன விஷயங்களில் ஒன்று என்று பெனியாஃபும் வைஸும் பிறகு சொன்னார்கள். கேட்டதும் எனக்கு ஓர் அற்பமான நிம்மதி. அப்பாடா, மூலத்தில் உண்டு.

ஏழாவது சீசனில் சலிப்புத் தட்ட ஆரம்பித்தது. முதல் சீசன்களில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊர் போக ஆட்களுக்குப் பாதி சீசன் ஆகும்; போகிற வழியில்தான் கதையே நடக்கும். ஏற்காட்டுக்காரிக்கு அது பழக்கமானது. அடிவாரத்தில் பஸ் ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவையும் சுற்றித்தான் மேலே வர முடியும், எந்த மந்திரி வந்தாலும் அதேதான். ஏழாவது சீசனில் அடிவாரத்தில் ஏறியவர் அடுத்த காட்சியில் ஏரிக்கரையில் டீ குடிக்கிறார். பத்துப் பகுதி இருந்த சீசன் ஏழானது, கடைசி சீசன் ஆறானது. எச்.பி.ஓ. இன்னும் தரத் தயாராக இருந்தது; போதும் என்றது எழுதியவர்கள்தான். ஏழாவது சீசன் ஓடிய 2017 ஆகஸ்டில் அதன் நாலாவது பகுதி ஒளிபரப்புக்கு முன்பே இந்தியாவிலிருந்து கசிந்து, மும்பை போலீஸ் நாலு பேரைக் கைது செய்தது. தம்பி யோக்கியனாகிவிட்டிருந்தான், பார்க்க மாட்டேன் என்றுவிட்டான். நான் பார்த்தேன். இப்போதுதான் அவனுக்கே தெரியும்.

2019 ஏப்ரல், மே. அமெரிக்காவில் ஞாயிறு ராத்திரி ஒன்பது என்றால் நமக்குத் திங்கள் காலை ஆறரை. ஹாட்ஸ்டாரில் அதே நேரத்துக்கு வந்துவிடும். நானும் தம்பியும் ஞாயிறன்று மேலே அப்பா அம்மாவைப் பார்க்கப் போய், திங்கள் விடியக் கீழே இறங்கும் பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போவது வழக்கம். அந்த ஆறு திங்களும் அந்த பஸ் எங்களை விட்டுவிட்டுத்தான் போயிற்று. வீட்டுக்குள் சிக்னல் வராது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு பாறை உண்டு, அங்கே மட்டும் நாலு கோடு வரும். பாறையில் சாக்கைப் போட்டு, தம்பியின் லேப்டாப்பை மடியில் வைத்து, என் போனிலிருந்து நெட் கொடுத்துப் பார்த்தோம்.

மூன்றாவது பகுதி, பிணப்படையோடு பெரும் போர். 82 நிமிஷம். 55 ராத்திரி படம்பிடித்தார்களாம். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. திரை கறுப்பு, சுற்றிலும் மஞ்சு வெள்ளை. லேப்டாப்பின் வெளிச்சத்தை ஏற்று, சாக்கைத் தலைமேல் போட்டுக்கொள், ஏதாவது தெரிகிறதா? யாரோ சாகிறார்கள், யார்? உலகம் முழுக்க இதே புலம்பல். ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னரோ, ஜனங்களுக்குத் தங்கள் டிவியைச் சரியாக வைக்கத் தெரியவில்லை என்றார். அப்பா அந்தப் பக்கம் வந்தவர், சாக்கு மூடிய எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "கரண்ட் போயிடுச்சா?" என்றார்.

அடுத்த வாரம் காபிக் கோப்பை. வின்டர்ஃபெல் விருந்து மேசையில், டெனேரிஸ் முன்னால், மூடி போட்ட ஒரு பேப்பர் கப். நாங்கள் கவனிக்கவே இல்லை. மத்தியானம் ஊரே சிரித்த பிறகுதான் திரும்பப் பார்த்தோம். டெனேரிஸ் கேட்டது மூலிகைத் தேநீர், காபி வந்தது தவறுதான் என்று எச்.பி.ஓ. நகைச்சுவையாக ஓர் அறிக்கை விட்டது. இரண்டே நாளில் கோப்பையைத் திரையிலிருந்து கணினியில் அழித்தும்விட்டார்கள். அன்று சாயங்காலம் அம்மாவுக்குக் காட்டினேன். இருபது வருஷமாகக் காபிச் செடி நடுவே வாழ்கிறவள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"நம்ம மாமா வாட்ச் மாதிரி, இல்ல கண்ணு?"

அவ்வளவுதான். கழுவக் கிடந்த பாத்திரத்துக்குப் போய்விட்டாள். எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மாமாவின் கடிகாரத்தை யாரும் அழிக்கவில்லை, அழிக்க வழியுமில்லை. அதோடுதான் கற்பூரம் காட்டினார்கள்.

ஐந்தாவது பகுதியில் டெனேரிஸ் சரணடைந்த நகரத்தை டிராகனேறி எரித்தாள். பாறையிலேயே எனக்கும் தம்பிக்கும் சண்டை. அவன் சொன்னது: முதல் சீசனிலேயே அண்ணன் தலையில் உருக்கிய தங்கத்தை ஊற்றும்போது கண் சிமிட்டாமல் பார்த்தாளே, அப்போதே தெரியாதா? ஊர் ஊராக எரித்தபோது கைதட்டினாயே? நியாயம்தான். அவள் எரிப்பது தப்பில்லை, அந்த இடத்துக்கு வளைவு வளைவாகக் கொண்டுபோகாமல் தூக்கிப் போட்டார்கள் என்பது என் வாதம். இன்றும் அதுதான் என் வாதம். ஆனால் நான் அன்று பேசியது வாதமாக இல்லை. தொண்டை அடைத்து, கை நடுங்கி, "இவனுங்களுக்கு என்ன உரிமை" என்று கத்தியிருக்கிறேன். எட்டாவது சீசனைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று ஓர் இணைய மனு ஓடியது, 15 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து. அதில் ஒன்று என்னுடையது. பஸ்ஸில் வரும்போது போட்டேன், பதினாலாவது வளைவில்.

என்ன உரிமை என்று கேட்டேனே, அதை இப்போது யோசித்தால் சிரிப்பு வருகிறது. முதல் ஐந்து சீசன்களில் என் கையில் பட்டா இருந்தது. வேலியை ஒரு அடி தள்ளிப் போட்டாலும் பத்திரத்தை எடுத்து நீட்டுவேன்: இதோ, மூன்றாம் பாகம். பத்திரம் இருக்கிறவன் சத்தம் போட மாட்டான், அபராதம் கட்டிவிட்டுக்கூடச் சிரிப்பான். 2016க்குப் பிறகு பத்திரமே எழுதப்படாத நிலத்துக்கு வழக்காட வேண்டியிருந்தது. இல்லாத ஆறாவது பாகத்தில், இல்லாத ஏழாவது பாகத்தில் இப்படி இருக்காது என்று அத்தனை பேரும் கத்தினோம். எங்கள் தாலுகா ஆபீஸில் அப்படிக் கத்துகிறவர்களை அப்பாவோடு போனபோது பார்த்திருக்கிறேன். அவர்கள் குரல்தான் எப்போதும் உரக்க இருக்கும்.

கீழே இறங்குகிற பஸ் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும். ஸ்டுடியோ போய், இப்போது அந்த நுழைவாயில் மட்டும் நிற்கிறது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் அவர்கள் எடுத்தது. பாக்தாத் கதைக்குச் சேலத்தில் வண்ணமடித்தபோது, மூலத்தில் இப்படி இல்லை என்று யாராவது கொடி பிடித்தார்களா தெரியாது. பிடித்திருந்தாலும் காட்ட மூலம் கிடையாது. பழைய அரபுச் சுவடிகளில் அலிபாபா இல்லவே இல்லை. 18ஆம் நூற்றாண்டில் ஒரு சிரியாக்காரர் வாயால் சொல்ல, ஆயிரத்தொரு இரவுகள் கதைகளைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த கலான் அதைத் தன் தொகுப்பில் சேர்த்துவிட்டார். எம்.ஜி.ஆர். திறந்த குகை, பட்டா இல்லாத குகை.

மே 20, திங்கள், கடைசிப் பகுதி. முந்தின நாள்தான் மக்களவைத் தேர்தலின் கடைசிக் கட்டம் முடிந்து, எல்லாச் சேனலிலும் கருத்துக்கணிப்பு. அப்பா விடிந்ததும் டிவியைப் போட்டுவிட்டார். நாங்கள் பாறையில். எண்பது நிமிஷம் கழித்து, ஒரு வார்த்தை பேசாமல் சாக்கைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

"என்ன, யாரு ஜெயிச்சா?" என்றார் அப்பா.

"பிரான்."

"அது யாரு?"

"கால் வராத பையன்பா. அஞ்சாவது சீசன்ல ஆளே கிடையாது."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அப்ப எல்லாருக்கும் பொதுவான ஆளு" என்றுவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். கதைக்குள் டிரியன் அரைமணி நேரம் மூச்சுவிட்டுச் சொன்ன நியாயத்தைவிட இது எனக்குக் கொஞ்சம் ஒப்புக்கொள்ளும்படி இருந்தது. அந்த செப்டம்பரில் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மியை அதே சீசனுக்குக் கொடுத்தார்கள். மனுவில் கையெழுத்துப் போட்ட 15 லட்சம் பேரும் அன்று ஒருதடவை பல்லைக் கடித்திருப்போம்.

முன்கதையான ஹவுஸ் ஆஃப் த டிராகன் 2022இல் வந்தது. அதற்கு முழுப் புத்தகம் இருக்கிறது, 2018இலேயே வந்தது. ஆனால் மார்ட்டின் அதை ஒரு பண்டிதர் எழுதிய வரலாறு மாதிரி எழுதிவைத்திருக்கிறார். அரண்மனை விதூஷகன் ஒன்று சொல்வான், குருமார் வேறு சொல்வார், பண்டிதர் இரண்டையும் நம்பாமல் மூன்றாவது சொல்வார். பத்திரத்திலேயே மூன்று சர்வே எண். நான் சத்தம் போடாமல் பார்த்தேன்.

2024 செப்டம்பரில் மார்ட்டினே தன் வலைப்பதிவில் அந்தத் தொடரைப் பற்றிக் குறை எழுதினார். மேலர் என்று ஒரு குட்டிப் பையன், ராஜாவின் இளைய பிள்ளை. தொடரில் அவனை வெட்டிவிட்டார்கள். சின்னப் பையன்தானே என்று விடாதீர்கள், அவனை எடுத்தால் அவன் அம்மாவின் துயரம் நொறுங்கும், அது நொறுங்கினால் பின்னால் வரும் இன்னொன்று நொறுங்கும் என்று, படிப்படியாக, பொறுமையாக. வாசிக்க வாசிக்க எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்தத் தொனி எனக்குத் தெரியும். கோரிமேட்டு மாடியில் படத்தை நிறுத்தச் சொல்லி நான் விளக்கிய தொனி. எழுதினவரே வந்து, புக்குல இப்படி இல்லை என்கிறார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பதிவை எடுத்தும்விட்டார். தம்பிக்கு அனுப்பலாம் என்று இணைப்பைத் தட்டியபோது பக்கம் இல்லை. அவருக்கு யார் அபராதம் போட்டார்களோ.

இப்போது தம்பி பெங்களூரில் இருக்கிறான். போன பொங்கலுக்கு வந்தவன், கிளம்பும்போது அலமாரியிலிருந்து அந்த முதல் பாகத்தை எடுத்து பையில் வைத்துக்கொண்டான். அட்டை கிழிந்து, ஓரத்தில் கதவு தேய்த்த தழும்போடு இருக்கும் அதே பிரதி. "படிக்கவா?" என்றேன். "சும்மாதான்" என்றான்.

மூன்று வாரம் சத்தமில்லை. அப்புறம் ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்தான்.

"அக்கா, பாதிக்கு மேல வந்துட்டேன். ராபர்ட்டும் செர்ஸியும் தனியா உக்காந்து பேசுவாங்களே, அது எந்தப் பக்கம்?"

"அது புக்குல இல்லடா."

டைப்பிங், நின்றது. மறுபடி டைப்பிங்.

"எப்படி இல்லாம இருக்கும்? அதுதானே நல்ல சீன்."

"படத்துக்குன்னு எழுதினது."

"என்னக்கா புக்கு இது. படத்துல இருக்கறது பாதி இல்ல."

ஒரு தட்டுவடை செட் என்று பதில் போட்டேன். ஊருக்கு வந்தால் வாங்கித் தருகிறேன் என்றான், மூக்கு விஷயத்தையும் சேர்த்தால் இரண்டு.